ஒன்பதாவது வரிக்கு நான் போட்ட வருடம்

1979 ஜூன் 11, திங்கள்

ஒரு சிறு தவறைக் குறித்துவைக்க வேண்டும். 1976ஆம் வருடத்து டெலிவிஷன் நோட்டில், ஒன்பதாவது வரியில், ‘எப்போது’ என்ற கட்டத்துக்குள் ‘1979’ என்று மையில் எழுதியிருக்கிறேன். அந்த வருடத்தை டெலிவிஷனில் யாரும் சொல்லவில்லை. நானே போட்டது. ஒன்பதாவது வரி மட்டுமல்ல, பன்னிரண்டு வரிகளில் எட்டுக்கு வருடம் போட்டது நான்தான். இன்று மாலை வகுப்பில் நோட்டைப் புரட்டியபோது இதைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று எழுதுவது சரியில்லை. மறந்திருந்தது நினைவுக்கு வந்தது.

தி.நகரில் ரேடியோ, டெலிவிஷன் பழுதுபார்க்கும் மாலை வகுப்பில் படிக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி. ஆறரை முதல் எட்டரை வரை. பாடம் முடியப் போகிறது என்பதால் வரும் வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரும் பத்து நிமிடம் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் பிக்சர் டியூப், ஆன்டெனா, ஸ்டெபிலைசர் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அவற்றைப் பற்றிப் பேசும் அளவுக்குத் தெரியுமா என்று சந்தேகம். அதனால் ‘மூன்று வருடங்களுக்கு முன் டெலிவிஷன் வருங்காலத்தைப் பற்றிச் சொன்னதும், இன்று நடந்திருப்பதும்’ என்று எழுதிக் கொடுத்தேன். நோட்டு கையில் இருக்கிறது, பார்த்துப் படித்தால் போதும் என்று நினைத்தேன்.

நோட்டு வந்த கதை இது. 1976 ஜனவரியில் நான்கு வியாழக்கிழமைகள் டெலிவிஷனில் ஒரு அறிவியல் நிகழ்ச்சி வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியர், கையில் குச்சியோடு, இனி உலகத்தில் என்னென்ன கருவிகள் வரும் என்று சொல்லிக்கொண்டே போவார். சாந்தோமில் எங்கள் காம்பவுண்டில் அப்போது ஒரே ஒரு டெலிவிஷன்தான். நல்லசிவம் அண்ணாச்சி வீட்டில். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். பாண்டி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். மனைவி இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்வது அவருடைய அக்கா பேச்சியம்மாள். அக்காவும் கணவரை இழந்தவர்தான். சாயங்காலம் ஆனால் அவர் வீட்டு வாசலில் இருபது ஜோடி செருப்பு கிடக்கும். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், பிந்தி வந்தவர்கள் ஜன்னலில்.

பேராசிரியரின் தமிழ் யாருக்கும் புரியவில்லை. அவர் ‘தொலைக்காட்சித் தொடர்புக் கருவி’ என்பார், பின்னாலிருந்து, “அது இன்னாபா?” என்று யாராவது கேட்பார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததால் எல்லோரும் என்னைக் கேட்கத் தொடங்கினார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அண்ணாச்சி, “ஏ காஸ்பரு, படிவே” என்பார். நான் புரியும்படி சுருக்கி எழுதியதை வாசிப்பேன். நாள் போகப் போக, டெலிவிஷன் சொன்னது என்றால் அது என் நோட்டில் இருப்பதுதான் என்று ஆகிவிட்டது.

நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டிருந்தேன். எண், என்ன, யார் சொன்னது, எப்போது. பகலில் ஆழ்வார்பேட்டையில் மோட்டார் உதிரிபாகக் கிடங்கில் கார்டு எழுதும் வேலை எனக்கு. எங்கள் கிடங்கில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கார்டு திரும்பி வந்துவிடும். அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிவிட்டது. பேராசிரியர் பெரும்பாலும் வருடம் சொல்லமாட்டார். ‘விரைவில்’ என்பார். ‘வருங்காலத்தில்’ என்பார். ‘ஒரு காலம் வரும்’ என்பார். நான்காவது கட்டம் காலியாகக் கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். விரைவில் என்றால் மூன்று வருடம். வருங்காலத்தில் என்றால் பத்து. ஒரு காலம் வரும் என்றால் இருபத்தைந்து.

மூன்று என்று ஏன் போட்டேன் என்று இன்று யோசித்தேன். பம்பாய்க்கு பிரேக் லைனிங் ஆர்டர் போட்டால் ‘விரைவில் அனுப்புகிறோம்’ என்று பதில் வரும். சரக்கு மூன்று மாதத்தில் வரும். மாதத்தை வருடமாக்கியிருக்கிறேன். முதலில் பென்சிலில் போட்டேன். பிறகு பக்கம் அசிங்கமாக இருக்கிறது என்று மையில் எழுதினேன்.

என் பக்கத்தில் உட்காரும் ஜவஹரிடம் இதைக் காட்டினேன். அவன் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“இன்னா மச்சி, சீக்கிரம்னா மூணு வருசமா? எங்க தெருவுல தண்ணி லாரி சீக்கிரம் வந்துரும்னு நேத்து சொல்லிட்டுப் போனான். எண்பத்திரெண்டுல வரும்னு சொல்லிரட்டுமா?”

“சிரிக்காதே. வெள்ளிக்கிழமை இதைத்தான் பேசணும்.”

“பேசேன், யாரு வாணாங்கறது? எது நடந்துச்சு, எது நடக்கல, அதானே? வருசத்த எவன் கேக்கப் போறான்?”

கேட்கமாட்டார்கள் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் யாராவது வருடம் ஞாபகம் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பார்ப்பது முறை. நாளை அண்ணாச்சி வீட்டுக்குப் போக வேண்டும்.

ஜூன் 12, செவ்வாய்

வேலை முடிந்து ஐந்தே முக்காலுக்கு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் கடையிலிருந்து வரவில்லை. பேச்சியம்மாள் அக்கா மட்டும் இருந்தார்.

“யாரு?”

“காஸ்பர்க்கா.”

“வா எய்யா. செருப்புச் சத்தத்துல நெனச்சேன்.”

நோட்டைக் கொண்டுவந்திருப்பதைச் சொன்னேன். அக்காவுக்குச் சந்தோஷம். படி, படி என்றார். ஒவ்வொன்றாகப் படித்தேன். முள் இல்லாமல் எண் மட்டும் காட்டும் கைக்கடிகாரம் என்றேன். வந்துவிட்டது, ஜவஹரின் மாமா பர்மா பஜாரில் வாங்கியிருக்கிறார். சட்டைப் பையில் வைக்கும் கணக்கு மெஷின். அதுவும் வந்துவிட்டது, எங்கள் கிடங்கு மேனேஜரிடம் இருக்கிறது. கலர் டெலிவிஷன். இன்னும் வரவில்லை. முகம் பார்த்துப் பேசும் டெலிபோன்.

“முகம் தெரியாத டெலிபோனுக்கே ஒன் அண்ணாச்சி ஏழு வருசமா எழுதிப் போட்டுக் காத்துக் கெடக்கான்” என்றார் அக்கா. “கடல் தண்ணியக் குடிதண்ணி ஆக்குதது?”

“அதுவும் வரலைக்கா. நம்ம பக்கம் வரலை.”

“அடிபம்புல அடிச்சாலே கடல் தண்ணிதான் வருது. ஆக்குததுக்கு என்ன இருக்கு?” சிரித்துக்கொண்டே எழுந்து காப்பி போடப் போனார். அடுக்களையிலிருந்தே கேட்டார். “அந்த ஒம்பதாவது சமாச்சாரம் என்னாச்சு?”

அக்கா இதை முன்பும் கேட்டிருக்கிறார். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது கேட்டிருப்பார். பொதுவாகத் தெரிந்துகொள்ளும் ஆசை என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்பதாவது வரி இது: ‘கத்தி இல்லாமல் வெளிச்சத்தால் கண் நோய் குணமாக்கும் கருவி. பேராசிரியர். 1979.’

“அதைத்தான்க்கா சொல்ல வந்தேன். அந்த வருஷம் பேராசிரியர் சொன்னது இல்லை. நான் போட்டது.”

“நீ போட்டதுன்னா?”

கடைசிப் பக்கத்துக் கணக்கைச் சொன்னேன். அடுக்களையில் சத்தம் நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். அக்கா டம்ளரில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். இடது கை ஆள்காட்டி விரல் டம்ளருக்குள் இருந்தது. சூடான காப்பி விரலில் பட்டதும் ஊற்றுவதை நிறுத்தினார். நான் நிற்பதை அவர் பார்க்கவில்லை. மூன்றடி தூரத்தில்தான் நின்றேன்.

“அக்கா” என்றேன். திடுக்கிட்டுத் திரும்பினார். முகம் என் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தது.

“உங்களுக்குக் கண்ணு தெரியலையா?”

“தெரியும். வெளிச்சம் தெரியும். ஆள் நிக்கது தெரியும். ஒன் சட்டை வெள்ளையா?”

நான் போட்டிருந்தது நீலச் சட்டை.

அப்புறம் உட்கார்ந்து சொன்னார். 1975 டிசம்பரில், அண்ணாச்சிக்குத் தெரியாமல், கண்ணாஸ்பத்திரிக்குத் தனியாகப் போயிருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை, இடது கண் முற்றிவிட்டது, பொங்கல் கழித்து வந்து ஆபரேஷனுக்குச் சேருங்கள் என்று சீட்டு கொடுத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு அடுத்த வாரம்தான் டெலிவிஷனில் அந்தப் பேராசிரியர் வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னது. நான் 1979 என்று வாசித்தது.

“மூணு வருசம்தானேன்னு இருந்துட்டேன். ஒரு கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு அப்போ.”

எங்கள் காம்பவுண்டில் அக்காவைப் பற்றி ஒரு கேலி உண்டு. டெலிவிஷன் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி உட்காருவார். “அக்கா, மறைக்குது, உள்ளாறயே பூந்துட்டீங்களா?” என்று பின்னாலிருந்து கத்துவார்கள். நானும் கத்தியிருக்கிறேன்.

“அண்ணாச்சிகிட்ட ஏன் சொல்லலை?”

அக்கா காப்பி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். பதினாறு வருடத்துக்கு முன், ஊரில், அவர் கணவருக்கு வயிற்றில் ஆபரேஷன். காகிதத்தில் கையெழுத்துப் போட்டது தம்பி நல்லசிவம். உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. யார் தப்பும் இல்லை, நாள் கடந்து கொண்டுபோனதுதான் காரணம் என்று டாக்டரே சொன்னாராம். ஆனால் அண்ணாச்சி அதற்குப் பிறகு ஒரு வருடம் அக்காவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

“மறுபடியும் அவன் கையில ஒரு காகிதத்தைக் குடுக்கவா? எனக்குப் பயம்தான், இல்லேன்னு சொல்லல. கத்தின்னா பயம்தான். அதைவிட இதுக்குத்தான் பயம். நீ ஒரு காரியம் செய்யி. அந்த வெளிச்சம் வந்துட்டான்னு ஆஸ்பத்திரியில கேட்டுட்டு வா. வருசம் தப்புன்னாலும் சங்கதி நெசந்தானே? கத்தி வேண்டாம்னா கையெழுத்தும் வேண்டாம்லா?”

அரிசி டின்னுக்கு அடியில் விரித்திருந்த காகிதத்தைத் தூக்கி, அதற்கடியிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. தம்பியிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். கொடுத்தேன். கொடுத்தது சரியா என்று தெரியவில்லை.

நேற்று இதைச் சிறு தவறு என்று எழுதினேன். அந்த வார்த்தையை அடிக்கவில்லை. எழுதியது எழுதியபடி இருக்கட்டும்.

ஜூன் 13, புதன்

கிடங்கில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டு காலையில் கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். எட்டு மணிக்கே வரிசை கேட்டுக்கு வெளியே வந்திருந்தது. நோயாளி இல்லாமல் சீட்டை மட்டும் கொண்டுவந்த ஆள் நான் ஒருவன்தான். முக்கால் மணி நேரம் கழித்து ஜமீலுன்னிசா என்ற நர்ஸ் சீட்டை வாங்கித் தேதியைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

“எழுபத்தஞ்சா? இவங்க உசுரோட இருக்காங்களா?”

“இருக்காங்க சிஸ்டர்.”

“அப்ப மூணரை வருசமா இன்னா பண்ணிங்க?”

டெலிவிஷன் என்று தொடங்கினேன். எப்படிச் சொன்னாலும் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. அவர் முழுதும் கேட்டார். பிறகு, வெளிச்சத்தால் செய்கிற வைத்தியம் உண்மைதான், பெரிய ஆஸ்பத்திரிகளில் வந்துவிட்டது என்றார். எனக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது.

“ஆனா அது வேற, இது வேறப்பா. அது கண்ணுக்குப் பின்னாடி இருக்கற தோலுக்கு. சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு, அடிபட்டவங்களுக்குச் செய்யறது. இவங்களுக்கு முன்னாடி இருக்கற லென்ஸே பால் மாதிரி ஆயிடுச்சு. அதை எடுக்கணும். எடுக்கறதுன்னா கத்திதான்.”

பேராசிரியர் அன்று என்ன சொன்னார்? இப்போது நினைவுக்கு வருகிறது. கண்ணின் பின்புறம் என்றுதான் சொன்னார். குச்சியால் படத்தில் பின்புறத்தைத்தான் காட்டினார். என் இரண்டாவது கட்டத்தின் அகலம் மூன்று விரல். அதில் அவ்வளவும் அடங்காது என்று ‘கண் நோய்’ என்று சுருக்கிவிட்டேன். ஆகவே ஒன்பதாவது வரியில் என் தவறு ஒன்றல்ல, இரண்டு. பேராசிரியர் சொன்னது பலித்துவிட்டது. அக்காவுக்குத்தான் அதனால் பயன் இல்லை.

“இன்னும் ஆபரேஷன் செய்யலாமா சிஸ்டர்?”

“பார்க்காம எப்படிச் சொல்றது? வலி இருக்குதா? கண்ணு சிவக்குதா?”

தெரியாது என்றேன். வலி வந்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு போய்விடும், அப்புறம் ஆபரேஷன் செய்தாலும் பார்வை வராது என்றார். வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குள் கூட்டிவரச் சொன்னார். நோயாளியும், கூடவே ரத்த உறவில் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

“நான் போடலாமா?”

“நீ யாரு அவங்களுக்கு?”

பக்கத்து வீடு என்றேன். அவர் சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளின் சீட்டை வாங்கிக்கொண்டார்.

மாலை வகுப்பில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. சால்டரிங் செய்யும்போது இரண்டு இடத்தில் ஈயத்தைக் கொட்டிவிட்டேன். ஜவஹர் ஏன் என்று கேட்டான். சொன்னேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

“எங்கம்மாவுக்குப் போன வருசம் செஞ்சாங்க மச்சி. ஏழு நாளு கண்ணுல கட்டு. தலைக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை, அசையக்கூடாது. எங்கம்மா அந்த ஏழு நாளும் எங்கப்பாவத் திட்டிக்கினே இருந்துச்சு. இப்போ சோடாபுட்டிக் கண்ணாடி. தெருக்கோடியில போற எங்கப்பாவ அடையாளங் கண்டு திட்டுது.”

“ஊசி போட்டாங்களா? தூங்க வச்சாங்களா?”

“கண்ணாண்ட மட்டும் ஊசி. முழிச்சினுதான் இருந்துச்சு. கத்தரிக்கோல் சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லும்.” கொஞ்சம் யோசித்து, “சத்தத்த அவங்களாண்ட சொல்லாத” என்றான்.

சொல்லாமல் இருப்பதா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். மறைப்பதற்கு எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. முதல் தடவை நான் சுருக்கியதால் வந்த வினை இது.

ஜூன் 14, வியாழன்

வேலை முடிந்து ஐந்தரைக்குப் போனேன். அண்ணாச்சி வருவதற்குள் பேசிவிட வேண்டும் என்று சொல்ல வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். காகிதத்தை எடுத்தேன். பிறகு பையிலேயே வைத்துவிட்டேன்.

“வெளிச்சம் வந்துட்டா?” என்றார்.

“வந்துட்டுதுக்கா. ஆனா உங்க நோவுக்கு இல்லை. வேற நோவுக்கு. பேராசிரியர் சரியாத்தான் சொல்லியிருக்கார். நான்தான் சுருக்கி எழுதிட்டேன்.”

அக்காவின் கை வெங்காயத்தோலை உரித்துக்கொண்டேதான் இருந்தது.

“அப்போ கத்திதான்.”

“கத்திதான்.”

“தூங்க வச்சா செய்வாங்க?”

“இல்லை. கண்ணுக்குப் பக்கத்துல மட்டும் மரத்துப்போக ஊசி. முழிச்சிருக்கணும். சத்தம் கேட்குமாம். ஜவஹரோட அம்மாவுக்குக் கேட்டுச்சாம்.”

“அவ எந்திரிச்சு வந்துட்டாளா?”

“வந்துட்டாங்க. தெருமுனையில போறவரைத் திட்டுறாங்களாம்.”

அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “எனக்குப் பார்வை வந்துருமா?”

“தெரியாதுக்கா. பார்த்தாத்தான் சொல்ல முடியும்னாங்க. வலி இருக்கான்னு கேட்டாங்க. வலி வந்துட்டா அப்புறம் செஞ்சும் பிரயோஜனம் இல்லையாம்.”

அக்கா வெங்காயக் கையோடு இடது நெற்றிப் பொட்டைத் தேய்த்தார்.

“அக்கா, வலிக்குதா?”

“போன வாரத்துலேர்ந்து இடது பக்கம். விட்டு விட்டு. மண்டையிடின்னு ஒன் அண்ணாச்சிட்ட சொன்னேன். மாத்திரை வாங்கிட்டு வந்தான்.”

நான் எழுந்துவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை, எங்கேயும் போகவில்லை. நாளை காலை ஏழரைக்குள் போக வேண்டும், ரத்த உறவில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், நான் போட முடியாது, அண்ணாச்சியிடம் நீங்கள் சொல்லாவிட்டால் நான் வாக்கை மீறிச் சொல்லிவிடுவேன் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

“மிரட்டுதியோ?”

“ஆமாக்கா.”

“நல்ல புள்ளைன்னு நெனச்சேன்” என்றார். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. உரித்த வெங்காயங்களைக் கையால் தடவி எண்ணிக் கிண்ணத்தில் போட்டார். “நீ இரி. அவன் வரட்டும்.”

அண்ணாச்சி வந்து, குளித்து, திருநீறு பூசி, டெலிவிஷனைப் போட்டார். பெட்டியின் மரக்கதவைத் திறப்பதும் நீலத் திரைக் கண்ணாடியைத் துண்டால் துடைப்பதும் அவர் மட்டும் செய்கிற வேலை. வழக்கம்போலக் கூட்டம் சேர்ந்தது. வயலும் உரமும் பற்றி ஏதோ ஓடியது. அக்கா முன்னால் வந்து உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் எதிரே நின்றார்.

“அக்கா, மறைக்குது!” என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

“மறைக்கட்டும்” என்றார் அக்கா. “நல்லசிவம், எனக்குக் கண்ணு தெரியலை. ரெண்டு வருசமா இந்தப் பெட்டியில நான் படம் பாக்கலை. பேச்சு கேட்டுட்டு இருக்கேன்.”

அண்ணாச்சி சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய்ப் பெட்டியை அணைத்தார். இத்தனை வருடத்தில், உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது அவர் அதை அணைத்து நான் பார்த்ததில்லை. செருப்புகளைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். நானும் எழுந்தேன்.

“நீரு இரும்வே” என்றார்.

அக்கா ஆஸ்பத்திரி, சீட்டு, ஒன்பதாவது வரி எல்லாவற்றையும் சொன்னார். என்மேல் பழி விழாதபடி சொல்லப் பார்த்தார். வருடம் போட்டது நான், சுருக்கியதும் நான் என்று நடுவில் நானே சொன்னேன்.

“கூறு கெட்ட பயலே!” அண்ணாச்சி கத்தினார். “கட்டம் காலியா இருந்தா என்னவே? இருந்துட்டுப் போகுது! கடையில எனக்கு ஒரு ரேக்கு ஆறு மாசமா காலியாக் கெடக்கு. குண்டானுக்குப் பதிலா செங்கலையா அடுக்கி வச்சிருக்கேன்? சவம், அந்த நோட்டைத் தூக்கிக் கடல்ல போடும்!”

“அவனை எதுக்கு ஏசுத?” என்றார் அக்கா. “நம்புனவ நான்லா.”

“நீ எங்கிட்ட ஏன் சொல்லலை?”

அக்கா சுவரோரம் உட்கார்ந்தார். அண்ணாச்சி அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். தணிந்த குரலில் கேட்டார். “அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டதுனாலயா?”

“ஆமா.”

“அத்தான் போனதுக்கு என்னைக் கொறை சொல்லுதியா?”

“ஒரு நாளும் இல்ல. நீ ஒன்னையே சொல்லிக்கிடுவியே. இன்னொரு தடவை அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். நான் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

“பதினாறு வருசம் ரெண்டு பேரும் ஒரே சட்டியில தின்னிருக்கோம்” என்றார் அவர். “ஒரு தடவைகூட இதைப் பேசலை பாத்தியா.” பிறகு என்னிடம், “எத்தனை மணிக்கு அங்க நிக்கணும்?”

“ஏழரை, அண்ணாச்சி.”

அக்கா பக்கம் திரும்பினார். “கையெழுத்துப் போடுதேன். நீயும் ஒன் பேரை எழுது, நானும் எழுதுதேன். ஆனது ஆகட்டும்.”

“எனக்குத்தான் கோடு தெரியாதே” என்றார் அக்கா.

“நான் காட்டுதேன்.”

எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அண்ணாச்சி என்னை இன்னும் மன்னிக்கவில்லை. வாசலில் ‘நாளைக்கு வாரும்’ என்று மட்டும்தான் சொன்னார். அக்காவின் பார்வை வருமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் முன்னால் கேட்டிருந்தால் வலிக்கு முன்பே போயிருக்கலாம். மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவர் பல தடவை ஒன்பதாவது வரியைப் பற்றிக் கேட்டார். ஏன் என்று நான் ஒரு தடவையும் திருப்பிக் கேட்கவில்லை. இதை எந்தப் பழக்கத்தின் மேலும் போட முடியாது.

நாளை செய்ய வேண்டியது: காலை ஆறு மணிக்கு அண்ணாச்சி வீட்டு வாசலில் நிற்க வேண்டும். டாக்ஸிக்கு அவரே சொல்லியிருக்கிறார். 1975ஆம் வருடத்துச் சீட்டு என் பையில் இருக்கிறது, மறக்கக்கூடாது. அக்காவுக்கு இரண்டு புடவை, ஒரு டம்ளர், பாய், போர்வை. இடது கண்ணில் வலி வந்து எத்தனை நாள் என்று நர்ஸ் ஜமீலுன்னிசாவிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். கிடங்குக்கு அரை நாள் லீவு எழுதி அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் ஜவஹரின் தம்பியிடம் கொடுத்தனுப்பியாயிற்று. அக்காவை வார்டில் சேர்த்துவிட்டால் அண்ணாச்சி கடைக்குப் போய்த் திரும்பும் வரை நான் கூட இருக்க வேண்டும். மாலை வகுப்பில் என் பேச்சு ஐந்தாவதாக வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரத்துக்கு வர முடியாவிட்டால் ஜவஹரை முன்னால் பேசச் சொல்ல வேண்டும்.